ஈரச் சாக்கும் எண்ணெய்ச் சட்டியும்

“…அத நான் அவகிட்டயே கேட்டுக்கிடுதேன், நீங்க எதுக்கு அண்ணாச்சி நடுவுல நந்தி மாதிரி நிக்கிய?”

சொர்ணத்தக்கா இப்படிக் கேட்டது தாராவியில், ஒரு வைகாசி மத்தியானம், எங்கள் சந்து ஆத்தா கோயில் கொடைத் திருவிழாவில், மேளக்காரன் முதற்கொண்டு எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது. அறுபதுகளில் நடந்தது. இத்தனை காலம் கழித்து அதே வார்த்தை போன மாதம் இதே ஊரின் மறுகோடி முலுண்டில், லிப்ட் வைத்த கட்டடத்தின் ஐந்தாவது மாடியில், என் தொண்டை வரைக்கும் வந்து திரும்பிப் போனது. திருப்பி அனுப்பியது நான்தான். மகன் வீட்டில் இருக்கிறவள் நாலு பேர் நடுவே வாயைத் திறக்கும்முன் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது. ஆனால் உங்களிடம் சொல்வதற்கு என்ன?

ஐந்தாம் மாடியில் ஒரு சின்னப் பெண். காய்ச்சலில் பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டாள். துக்கம் கேட்கப் போயிருந்தேன். அவள் அழுதுகொண்டிருந்தால் பக்கத்தில் போய்க் கட்டிப்பிடித்துக்கொண்டிருப்பேன், எனக்குத் தெரிந்த துக்கம் கேட்பது அவ்வளவுதான். ஆனால் அங்கே வெள்ளைப் புடவையில் ஒரு அம்மாள் சோபாவின் நடுவில் உட்கார்ந்து வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தாள். “அழக் கூடாதும்மா. நீங்க அழுதா அந்த ஆத்மாவுக்கு நெகடிவ் எனர்ஜி போகும். கண்ண மூடிக்குங்க. மூச்ச இழுத்து விடுங்க. பாசிட்டிவா நெனைங்க.” அந்தப் பெண் சொன்னபடி கண்ணை மூடிக்கொண்டு மூச்சை இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள். கன்னம் துடித்தது. சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் தலையாட்டினார்கள். நான் பல்லைக் கடித்தேன். பல் செட் என்பதால் அதையும் பார்த்துத்தான் கடிக்க வேண்டியிருக்கிறது.

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்று தெரிந்துவைத்திருக்கிற சனம், அழுகிற தாயைக் கண்டால் மட்டும் ஏன் வாயைப் பொத்த ஓடி வருகிறது? இவர்களுக்கு யார் கொடுத்த அதிகாரம் இது?

ஆத்திரத்தோடு கீழே இறங்கி வந்தேன். எதிர்ச்சாரி பலகாரக் கடையில் அப்போதுதான் சட்டி ஏற்றியிருந்தார்கள். எள்ளும் ஓமமும் போட்ட மாவு காய்ந்த எண்ணெயில் விழுகிற வாசம் ரோட்டைத் தாண்டி வந்தது. மனுஷன் ஐந்து மாடி இறங்க லிப்ட் வேண்டும். வாசத்துக்கு அதெல்லாம் வேண்டாம். என்னைத் தூக்கிக்கொண்டு போய் தாராவியில் எங்கள் சந்தில் இறக்கிவிட்டது.

நான் புதுசாகக் கல்யாணம் ஆகி வந்த காலம். வீட்டுக்காரர் மில்லில் வேலை. எங்கள் சந்து முழுக்கத் திருநெல்வேலிக்குத் தெற்கே இரண்டு மூன்று ஊர்க்காரர்கள். சந்துக்கு ஒரே தொழில் முறுக்கு. வெளியே போனால் அதற்குப் பேர் சக்லி. கிங்ஸ் சர்க்கிளில் விற்றாலும் சரி, ரயிலடியில் விற்றாலும் சரி, பாதி சக்லி எங்கள் சந்தில் சுட்டதுதான் என்று நாங்கள் பெருமை அடித்துக்கொள்வோம். பாதியா கால்வாசியா, யார் எண்ணினார்கள்! எனக்கு எழுத்துச் சொல்லித் தந்ததும் முறுக்குத்தான். கட்டி அனுப்புவதற்கு ஊரிலிருந்து வருகிற பழைய தமிழ்ப் பேப்பர் வாங்கிப் போட்டிருப்பார்கள். பொட்டலம் மடிக்கிற சாக்கில் எழுத்துக் கூட்டிப் படித்தேன். அதனால் எனக்குத் தெரிந்த முதல் செய்திகள் எல்லாம் எண்ணெய்க் கறையோடு பாதியில் நின்றுபோனவை. இன்றைக்கும் நான் ஒரு கதையைச் சொன்னால் நடுவில் எங்கேயோ போய்விடுகிறேன் என்று பேத்தி சிரிக்கிறாள். படித்த பள்ளிக்கூடம் அப்படி.

முறுக்குப் பட்டறையில் மாவு பிசைய ஆள் உண்டு, வேகவைக்க ஆள் உண்டு. பிழிவதற்கு மட்டும் சொர்ணத்தக்காதான். முறுக்கு உரலை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு, உடம்பைக் கொஞ்சமாக ஆட்டிச் சுற்றுவாள். சுற்று விலகாது. நான் பிழிந்ததைப் பார்த்துவிட்டு ஒருநாள், “ஏட்டி, இது முறுக்கா, மழக்கி வெளிய வந்த மண்புழுவா?” என்று கேட்டாள். பட்டறையே சிரித்தது. அன்றைக்கு என்னைப் பொட்டலம் மடிக்கிற பக்கம் அனுப்பினார்கள். நான் படித்தவள் ஆனதற்கு அவளும் ஒரு காரணம்.

அக்காவுக்கு ஒரே மகள். பேச்சி. ஆறு வயசிருக்கும். அக்கா புருஷன் தோல் பட்டறையில் வேலை. அதிர்ந்து பேசமாட்டார். மூவருக்கும் சேர்த்துப் பேசுகிறவள் பேச்சிதான். மேசைக்கு அடியில் உட்கார்ந்து உடைந்த முறுக்கைப் பொறுக்குவாள். வட்டம் உடையாமல் கிடைத்த துண்டை விரலில் மோதிரமாக மாட்டிக்கொண்டு, “இது தங்கம், இது வைரம், இதத் திங்கக் கூடாது” என்பாள். சொல்லி முடிக்கும்போது வைரம் வாய்க்குள் போயிருக்கும்.

பட்டறை அண்ணாச்சியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பட்டறையும் அவருடையது, கோயில் தர்மகர்த்தாவும் அவர்தான். அவரை ராட்சசன் என்று சொல்லிவிட்டுப் போனால் எனக்கு வேலை சுலபம், ஆனால் அது பொய். பாதிச் சந்தை ஊரிலிருந்து கூட்டிவந்து, கோலி என்கிற ஒற்றை அறை வீடு பார்த்துக் கொடுத்து, அடுப்பு பற்றவைக்கும்வரை தன் வீட்டில் சோறு போட்டவர் அவர். எங்களுக்கும்தான் போட்டார். அவருடைய ஒரே கோளாறு, தான் ஏற்பாடு செய்து தராமல் யாருக்கும் எதுவும் நடக்காது என்று நினைத்தார். வேலைக்கு வழி காட்டியவர், கடைசியில் ஆத்தாளிடம் போவதற்கும் தானே வழி என்று நம்பிவிட்டார்.

ஒரு பங்குனியில் பேச்சிக்கு அம்மை கண்டது.

இப்போதைய பிள்ளைகளுக்கு அம்மை என்றால் நாலு நாள் பள்ளிக்கூட லீவு. நான் சொல்கிறது பெரிய அம்மை. வந்த வீட்டில் நோய் என்று சொல்லக் கூடாது. ‘ஆத்தா வந்திருக்கா’ என்று சொல்ல வேண்டும். கொப்புளம் என்று சொல்லக் கூடாது. முத்து. வாசலில் வேப்பிலை. தலை வாரக் கூடாது, தாளிக்கக் கூடாது, எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறவே கூடாது. எண்ணெய் காய்கிற வாசம் ஆத்தாளுக்கு ஆகாது, கோபம் முற்றிவிடும் என்பது பெரியவர்கள் சொல்லிவைத்த கட்டு. அந்த வீட்டில் மட்டுமல்ல, அந்தத் தெருவிலேயே. ஊரில் இதனால் போகிறது ஒரு தாளித்த குழம்பு. தாராவியில் எங்கள் சந்தில் போகிறது அரிசி. சந்து பிழைப்பதே எண்ணெய்ச் சட்டியில் அல்லவா?

அதற்கு முந்தின மாதம் முனிசிபாலிட்டியிலிருந்து அம்மை குத்துகிற டாக்டர் வந்திருந்தார். மராத்திக்காரர். ‘தேவி டாக்டர்’ என்பார்கள், அவர்கள் பாஷையிலும் அம்மைக்குச் சாமி பேர்தான். வாசலில் நின்று நல்லபடியாகத்தான் கூப்பிட்டார். “ஆத்தா பேர்ல ஊசியா? போகச் சொல்லு” என்று அண்ணாச்சி சொல்ல, பெண்கள் பிள்ளைகளை எல்லாம் பட்டறைக்குள் தகர டின்களுக்குப் பின்னால் ஒளித்துவைத்தார்கள். பேச்சியும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தபடி அங்கேதான் உட்கார்ந்திருந்தாள்.

அம்மை வந்ததும் பட்டறை நின்றது. ஹோலிக்கு வாங்கிப்போட்ட அரிசி மாவு மூட்டை மூட்டையாக இருந்தது. இரண்டு நாள் பார்த்தார்கள். மூன்றாம் நாள் பட்டறை வாசலில் கூட்டம். ஆளுக்கொரு பேச்சு. கடைசியில் அண்ணாச்சிதான் வழி கண்டுபிடித்தார்.

“வாசல்ல கோணிச் சாக்க நனைச்சுத் தொங்க விடுவோம். ஈரச் சாக்கு வாசத்த இழுத்துக்கிடும். ஆத்தா வீட்டுப் பக்கம் போவாது.”

கோமதி மதினி என் பக்கத்தில் நின்றிருந்தாள். எங்கள் சந்தின் வாய். மெதுவாகச் சொன்னாள்: “ஏழு கடலுக்கு அந்தப் பக்கம் நெனைக்கத மோந்து பாக்கறவளாம் ஆத்தா. கோணிச் சாக்குக்கு இந்தப் பக்கம் மூக்கடைச்சிருமாக்கும்?”

மெதுவாகத்தான் சொன்னாள். சத்தமாகச் சொல்ல முடியுமா? அவளுக்கும் அரிசி வேண்டுமே.

சாக்கு தொங்கிற்று. தண்ணீர் சொட்டச் சொட்ட ஏழெட்டுச் சாக்கு. உள்ளே புகை போக வழியில்லாமல் கண் எரிந்தது. ஆனால் பிழிய ஆள் இல்லை. வேறு யார் பிழிந்தாலும் மண்புழுதான். கடைக்காரன் திருப்பி அனுப்பினான். அண்ணாச்சி அக்கா வீட்டு வாசலில் போய் நின்றார்.

“சொர்ணம், ரெண்டு நாள் வந்து பிழிஞ்சு குடுத்துரு. கோமதி பிள்ளயப் பாத்துக்கிடுவா. தலயோட தண்ணி ஊத்திக்கிட்டு வீட்டுக்குள்ள போ. ஒண்ணும் ஆவாது, நான் ஆத்தாகிட்ட வேண்டிக்கிடுதேன்.”

“பிள்ள என்னயத் தேடுவா அண்ணாச்சி.”

“இந்தச் சந்துல எத்தன பிள்ளைய சோத்துக்குத் தேடுதுன்னு பாரு.”

அக்கா வந்தாள். சோறு போட்டவர் கேட்டார், வந்தாள். இரண்டு நாளும் சுற்று விலகாமல் பிழிந்தாள். இரண்டு நாளும் ஈரத் தலையோடு ஓடினாள்.

அடுத்த நாள் விடியும்போது பேச்சி குளிர்ந்துவிட்டாள். செத்துவிட்டாள் என்று சொல்லக் கூடாது. ஆத்தா அழைத்துக்கொண்டாள், குளிர்ந்துவிட்டாள், அவ்வளவுதான் சொல்லலாம். அழவும் கூடாது. அம்மையில் போன பிள்ளைக்கு ஒப்பாரி கிடையாது. ஆத்தா விரும்பி எடுத்துக்கொண்டதற்கு அழுதால் அவளுக்குக் கோபம் வந்து அடுத்த வீட்டுக்குப் போவாள் என்று பயம். சந்தில் எத்தனை பிள்ளைகள்! அக்கா வாயைத் திறந்தாள். சத்தம் வருவதற்குள் இரண்டு பெண்கள் அவள் முந்தானையைச் சுருட்டி அவள் வாயிலேயே வைத்து அழுத்தினார்கள். “வேண்டாம்ளா சொர்ணம், எம்பிள்ளய நெனச்சுப் பாருளா” என்று சொல்லிக்கொண்டே அழுத்தினார்கள். அவர்கள் கண்ணிலும் தண்ணீர். பயம் அவர்களைப் பிடித்துக்கொண்டிருந்தது, அவர்கள் அக்காவைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். சத்தமே இல்லாமல் ஒரு பிள்ளை வீட்டை விட்டுப் போனதை அன்றைக்குத்தான் பார்த்தேன். இனிமேல் பார்க்க வேண்டாம்.

சரி, அதோடு விட்டார்களா? பத்து நாளைக்குள் கதை திரும்பிவிட்டது. குழாயடியில், கடையில், எங்கே பார்த்தாலும் அதே பேச்சு: “பிள்ளய வீட்ல ஆத்தாளோட விட்டுட்டு எண்ணெச் சட்டி பக்கத்துல போய் நின்னா எந்த ஆத்தா பொறுப்பா?” யார் போகச் சொன்னது என்கிற பேச்சே இல்லை. அண்ணாச்சியே ஒருநாள் பட்டறையில், எங்கள் எல்லார் முன்னாலும், “சாக்கு கெட்டியாத்தான் இருந்துச்சு. அவ ஈரத் தலயில வாசம் ஒட்டிக்கிட்டுப் போயிருக்கும். நல்லா அலசியிருக்கணும்” என்றார். சாக்கு தப்பித்துக்கொண்டது, தாய் மாட்டிக்கொண்டாள். ஆட்டைக் கடித்து மாட்டைக் கடித்து என்பார்களே, இவர்கள் மனுஷியைக் கடித்துவிட்டு வாயை முந்தானையால் துடைத்துக்கொண்டார்கள்.

மற்றவர்கள் சொன்னது கிடக்கட்டும். அக்காவே அதை நம்பிவிட்டாள், அதுதான் கொடுமை. பட்டறைக்கு வருவதை நிறுத்திவிட்டாள். நான் போகும்போதெல்லாம் வாசலில் உட்கார்ந்து சாம்பலைப் போட்டுக் கையைத் தேய்த்துக்கொண்டிருப்பாள். தோல் உரிந்து சிவந்திருக்கும். “மோந்து பாருட்டி. எண்ணெ வாசம் போயிட்டா?” என்று கையை நீட்டுவாள். சாம்பல் வாசம்தான் வரும். சொன்னால் நம்பமாட்டாள். சோற்றை அந்தக் கையால்தானே எடுத்து வாயில் போட வேண்டும், போடவில்லை. புருஷன் ஊட்டினால் இரண்டு வாய். அழுகை ஒரு பொட்டு வரவில்லை. ஆள் அரை ஆளாகிவிட்டாள். எனக்கு ஒன்று தெரிந்துவிட்டது, இப்படியே விட்டால் இன்னொரு சாவு இதே வீட்டில் விழும்.

ஆறுதல் சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. அக்கா பட்டறை வேலை போக மாட்டுங்காவில் ஒரு வீட்டில் பாத்திரமும் தேய்த்துக்கொண்டிருந்தாள். அந்த வேலையையாவது விடாமல் இருக்கட்டும் என்று நான் கூட்டிக்கொண்டு போனேன். பாலக்காட்டு மாமி. நல்ல மாமிதான், பழைய புடவை கொடுப்பாள். கதவைப் பாதி திறந்துவைத்துக்கொண்டு சொன்னாள்: “அழப்படாது கேட்டியா சொர்ணம். ஆத்மாவுக்கு அழிவே கெடையாது. சட்டை மாத்திக்கற மாதிரிதான். எல்லாம் பூர்வ ஜன்மக் கர்மா.” பிறகு குரலைத் தாழ்த்தி, “ரெண்டு மாசம் கழிச்சு வா. ஆத்திலே கொழந்தேள் இருக்கா, பாரு” என்றாள். ஆத்மாவுக்கு அழிவில்லை என்று நமக்குச் சொன்னவள், தன் வீட்டுச் சட்டைகளை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டாள். பயம் நியாயம்தான். தத்துவம் எதற்கு? பயமாயிருக்கிறது என்று மட்டும் சொல்லியிருந்தால் நான் அவளைக் கும்பிட்டிருப்பேன்.

தேவி டாக்டர் மறுபடி வந்தபோது அவரை நானே அக்காவிடம் இழுத்துக்கொண்டு போனேன். பஸ்ஸில் இடம் கேட்கவும் கத்தரிக்காய் பேரம் பேசவும் மட்டும் போதுமான இந்தியை வைத்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் அக்கா முன்னால் குந்தி உட்கார்ந்தார். “எண்ணெய்க்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை தாயி. இது கண்ணுக்குத் தெரியாத கிருமி. உன் மேல் தப்பில்லை” என்று பொறுமையாகச் சொன்னார். எனக்குப் புரிந்தவரை அக்காவுக்குத் தமிழில் சொன்னேன். அவர் சொன்னதுதான் சத்தியம். அன்றைக்கே என் கையை நீட்டிக் குத்திக்கொண்டேன். தழும்பு இன்னும் இருக்கிறது. ஆனால் அக்கா அவர் போகும்வரை தலையாட்டிவிட்டு என்னிடம் சொன்னாள்: “நல்ல மனுசன். ஆனா அவரு ஆத்தாளுக்கு வக்கீல் இல்லயேட்டி. அவ வாயால வரணும்லா?”

எனக்குத் தெரிந்த கடைசி இடம் மாஹிம் மாதா கோயில். புதன்கிழமை அங்கே எல்லாச் சாதி சனமும் போகும். கால் வலிக்காரன் மெழுகில் கால் வாங்கி வைப்பான், வீடு இல்லாதவன் மெழுகு வீடு வைப்பான். நாங்கள் போன அன்றைக்கும் நல்ல கூட்டம். அக்கா மெழுகுப் பிள்ளை ஒன்றை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள், வைக்கவில்லை. மெழுகு கைச் சூட்டில் இளகிற்று. பக்கத்தில் தூத்துக்குடிப் பக்கத்து அம்மாள் ஒருத்தி முழங்காலில் நின்றிருந்தாள். எங்கள் பேச்சைக் கேட்டதும் ஊர்க்காரி என்று திரும்பினாள். அக்கா முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு ஒன்றும் கேட்கத் தேவைப்படவில்லை. “சொல்லி அழு தாயி. மாதாவுக்குத் தெரியும். அவளும் பெத்த பிள்ளையச் சாகக் குடுத்துட்டு மடியில போட்டுக்கிட்டு அழுதவதான்” என்றாள்.

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். “இவளுமா?”

“பெறவு? மெய்யாலும்தான்.”

“யாரும் வாயப் பொத்தலயா?”

அந்த அம்மாளுக்குப் புரியவில்லை. “எவன் பொத்துவான்?” என்றாள்.

அக்கா மெழுகுப் பிள்ளையை அங்கே வைத்தாள். வெளியே வந்து கடல்காற்றில் நடக்கும்போது, ரொம்ப நாளைக்குப் பிறகு தானாக ஒரு பேச்சுப் பேசினாள். “இவகிட்ட என்னத்தட்டி கேக்க? பாவம், இவளே பறிகுடுத்தவ. எனக்கு வழக்கு இவகிட்ட இல்ல. எடுத்தவகிட்ட கேக்கணும். அங்க போறேன்.” எனக்குத் திக்கென்றது. ஆனால் அவள் முகத்தில் அன்றைக்குத்தான் ரத்தம் ஓடிற்று.

வைகாசியில் கொடைக்குக் கால் நாட்டினார்கள். கால் நாட்டிவிட்டால் கொடை முடியும்வரை சந்தில் எண்ணெய்ச் சட்டி கிடையாது, அதுவும் கட்டு. மத்தியானக் கொடை. பெண்கள் பொங்கல் பானையோடு வரிசையாக உட்கார்ந்திருந்தோம். மேளம் உச்சத்தில் இருந்தது. அப்போதுதான் சந்து முனையில் சொர்ணத்தக்கா வந்தாள். குளித்து, மஞ்சள் பூசி, ஒரு கையில் கரி போட்ட சிகடி அடுப்பு, இன்னொரு கையில் எண்ணெய்ச் சட்டி. இடுப்பில் முறுக்கு உரல் செருகியிருந்தது. பின்னால் அவள் புருஷன் மாவுப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு, யாரையும் பார்க்காமல், ஆனால் தயங்காமல் வந்துகொண்டிருந்தார்.

மேளம் ஒவ்வொன்றாக நின்றது.

அண்ணாச்சி ஓடிவந்து குறுக்கே நின்றார். அவர் நடித்ததாக நான் சொல்லமாட்டேன், நிஜமாகவே பயந்துபோயிருந்தார். “கோட்டி புடிச்சிட்டா ஒனக்கு? கொடைக்குள்ள எண்ணெச் சட்டியா? ஒரு தடவ செஞ்சு பட்டது போதாதா? ஆத்தா பொறுக்கமாட்டா, சந்தே பாழாப் போவும்!”

“பொறுப்பாளா மாட்டாளான்னு ஒங்களுக்குச் சாக்குல எழுதிக் குடுத்திருக்காளா?” என்றாள் அக்கா. கத்தவில்லை. “போன தடவ நீங்க வேண்டிக்கிட்டிய, நான் பிழிஞ்சேன். இந்தத் தடவ நான் வேண்டிக்கிட்டு நானே பிழியுதேன். கோவம் வந்துதா வரலியாங்கிறத…” என்று ஆரம்பித்து, நான் முதலில் சொன்னேனே, அந்த நந்திப் பேச்சில் முடித்தாள்.

கோமதி மதினிதான் முதலில் எழுந்தாள். தன் பொங்கல் பானையைத் தள்ளிவைத்து, சிகடி வைக்க இடம் விட்டாள். “விடுங்க அண்ணாச்சி. தாய்க்கும் தாய்க்கும் சண்ட. நமக்கு என்ன சோலி?” அன்றைக்கு அவள் மெதுவாகச் சொல்லவில்லை.

அந்த இடத்தைத் தேடி சில வருஷம் முன்னால் பேத்தியோடு போனேன். சந்து இல்லை. மேலே மேலே மாடி ஏறி, வெயில் விழுகிற இடமே இல்லாமல் போயிருந்தது. பட்டறை இருந்த இடத்தில் மோட்டார் வைத்து முறுக்குப் பிழிகிறார்கள். சுற்று விலகாது, ஆனால் ஒன்றைப் போலவே ஒன்று. ஆத்தா கோயிலுக்குப் பளிங்குத் தரை, கம்பிக் கதவு, கதவுக்கு நேரம் போட்ட பலகை. வரிசையில் நின்று கும்பிட்டுவிட்டு நகர வேண்டும். பெரிய அம்மையே உலகத்தை விட்டுப் போய்விட்டது. போய்த் தொலைந்ததே என்று ஊசி கண்டுபிடித்தவனை நான் தினமும் கும்பிடுகிறேன். ஆனால் அதோடு போக வேண்டிய வாய்ப்பொத்தல் மட்டும் போகவில்லை. வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு ஐந்தாம் மாடிக்கு லிப்டில் வந்துவிட்டது. போகக் கூடாதது போய்விட்டது. சாமி முன்னால் காலை நீட்டி உட்கார்ந்து, நீ செய்தது நியாயமா என்று கேட்கிற பெண்கள் போய்விட்டார்கள். ஒருத்தி அழுதால் நாலு பேர் தோளைப் பிடித்து வட்டமாக உட்கார்ந்து கூட அழுகிற அந்த வழக்கம் போய்விட்டது. என் பேத்திக்கு ஒப்பாரி என்றால் என்னவென்று தெரியவில்லை. “பாட்டா அது?” என்று கேட்கிறாள். பாட்டுத்தான் என்று சொல்லிவிட்டேன். வேறென்ன சொல்ல?

அன்றைக்கு அண்ணாச்சி விலகிய பிறகு அக்கா என்ன செய்தாள் என்று சொல்லிவிடுகிறேன்.

ஆத்தாளுக்கு நேர் எதிரே சிகடியை வைத்தாள். சட்டியில் எண்ணெய் ஊற்றிக் காயும்வரை ஆத்தா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். உரலில் மாவை நிறைத்து ஒரு முறுக்குப் பிழிந்தாள். எண்ணெய் சடசடவென்று பொங்கி வாசம் எழுந்தபோது பிள்ளை வைத்திருந்தவர்கள் பிள்ளையை இறுக்கிக்கொண்டார்கள். நானும் கண்ணை மூடிக்கொண்டேன். என்ன நடக்கும் என்று நினைத்தேனோ! ஒன்றும் நடக்கவில்லை. விளக்குத் திரி ஆடாமல் எரிந்தது. ஒரு கைப்பிள்ளை மட்டும் வாசம் பிடித்து, முறுக்கைக் காட்டிக் கையை நீட்டியது. அக்கா முறுக்கை எடுத்து ஆத்தா காலடியில் வைத்தாள். “பிடிக்கலன்னா இப்பமே என்னய எடுத்துக்கோ” என்றாள். காத்திருந்தாள். ரொம்ப நேரம் காத்திருந்தாள். பிறகு தன் இரண்டு கையையும் முகத்துக்கு நேரே தூக்கி மோந்து பார்த்தாள்.

“அப்ப எண்ணெ இல்ல,” என்றாள் ஆத்தாளிடம். “எங்கையால போவல எம்பிள்ள.”

சட்டியை இறக்கி ஓரமாக வைத்தாள். கையை முந்தானையில் துடைத்தாள். அம்மா வீட்டு முற்றத்தில் உட்காருகிற மாதிரி ஆத்தா முன்னால் காலை நீட்டி உட்கார்ந்து, கொண்டையை அவிழ்த்துவிட்டு, மகள் பேரைச் சொல்லி அழ ஆரம்பித்தாள்.